ஃபேன்னா சத்தம் வரத்தான் செய்யுமாம்!

"தம்பி, வாசல்ல ஆட்டோ ஏதும் ஆஃப் பண்ணாம நிக்குதா?"

வில்லுப்பாட்டு அண்ணாவி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். வாசலில் ஆட்டோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சத்தம் வந்தது மேஜைக்கு அடியில் இருந்த என் சிபியூவிலிருந்து. கிராஃபிக்ஸ் கார்டு சிவனே என்று கிடக்கிறது, பிராசஸர் ஃபேன் சுற்றுவதே தெரியவில்லை. உறுமுவது, உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்!

கோயில் கொடை விழாவுக்கு முன்னால் பதிவு செய்துவிட வேண்டும் என்று அந்தக் குழு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தது. குடத்தில் விழுந்த அடி அடங்கி, அண்ணாவி அடுத்த வரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி அமைதி வரும். அம்மன் கதையில் உசிரே அந்த நொடிதான். ஹெட்போனில் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டால் 'ங்ர்ர்ர்ர்' என்று ஒரு பழைய கிரைண்டர் ஓடுகிறது. ரெக்கார்டிங் என்றால் ஏசி, சீலிங் ஃபேன் இரண்டையும் நிறுத்திவிடுவேன். வேர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அத்தனையும் இந்தச் சனியனுக்காகவா?

பகலில் கல்யாண வீடியோ, ராத்திரியில் ஆடியோ என்று இரண்டுக்கும் சேர்த்து மூணரை லட்சம் போட்டு வாங்கிய மெஷின் இது. கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090. அது மட்டுமே 450 வாட்ஸ் இழுக்கும். பிராசஸருக்கு இன்னொரு 230. கடையில் கார்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், ரேமைப் பற்றி அரை மணி நேரம். எஸ்எம்பிஎஸ் வந்ததும் ஒரே வரி: "850 வாட்ஸ் கோல்டு போட்ருக்கேன் அண்ணாச்சி, கவலையே படாதீங்க."

1200 போடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? கரண்ட் பில்லு ஏறும்லா!" என்றார் கடைக்காரர். அட, 1200 வாட்ஸ் என்றால் எந்நேரமும் 1200 இழுக்குமா? மெஷின் கேட்பதைத்தான் அது கொடுக்கும். பெரிய சப்ளை பாதி பாரத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், அது என் தப்பு.

அப்புறம் இந்தக் கோல்டு. 80 பிளஸ் கோல்டு என்றால் சுவரிலிருந்து இழுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். பாதி பாரத்தில் 100க்கு 90 உள்ளே போகும், மீதி சூடாக வெளியேறும். 700 வாட்ஸ் ஓடினால் ஒரு சீலிங் ஃபேன் தின்கிற கரண்ட் அளவுக்கு அந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடு. சத்தம் போடுமா, எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கெல்லாம் அந்த முத்திரையில் பதில் கிடையாது. இதில் வேடிக்கை, அந்தச் சோதனையை நடத்துவது 23 டிகிரியில்! சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் ராத்திரி இரண்டு மணிக்காவது 23 டிகிரியைக் காட்டுங்கள் பார்ப்போம். உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஆயுசு பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பால பாடம். 85 டிகிரி வரை தாங்கும் கப்பாசிட்டரா, 105 டிகிரியா என்று கேட்டால் கடைக்காரர் என்னைப் பைத்தியம் போலப் பார்க்கிறார்.

சத்தத்துக்கு என்றே தனி மதிப்பீடு இருக்கிறது. சைப்ரஸில் உள்ள சைபனெட்டிக்ஸ் அளந்து லேம்டா என்ற பெயரில் தருகிறது. 15 டெசிபலுக்குக் கீழே என்றால் ஏ பிளஸ் பிளஸ், 15 முதல் 20 வரை ஏ பிளஸ். எட்டு மாதம் கழித்துத்தான் இதைத் தேடிப் படித்தேன். என் எஸ்எம்பிஎஸ்ஸில் இருப்பது ஸ்லீவ் பேரிங் என்ற சாதா வகை ஃபேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சூட்டில் எண்ணெய் வற்றினால் உறுமத்தான் செய்யும். எண்ணெய் எளிதில் வற்றாத ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் போட்டது கொஞ்சம் விலை கூடுதல். மூணரை லட்சம் செலவழித்தவன் அதைக் கொடுத்திருக்க மாட்டேனா? சொல்ல ஒரு ஆள் வேண்டாமா!

தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால், "ஃபேன்னா சத்தம் வரத்தான் செய்யும் அண்ணாச்சி. சத்தத்துக்கெல்லாம் வாரண்டி கிடையாது." பக்கத்தில் நின்ற பையன் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறான், "கழட்டி ரெண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்ருவோம்ணே." ஏலேய், உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டரில் 400 வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கும்டா! பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. அவன் கையிலிருந்து பெட்டியைப் பறித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கரண்டைப் பற்றிப் பேசினால் இன்னும் வயிறு எரியும். ஒரு பக்கம் கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை இரண்டு, பணகுடி ரோட்டில் போனால் கண்ணுக்கெட்டிய வரை காற்றாலை. இங்கே என் வீட்டில் கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய் வரும். இன்வெர்ட்டர் மாறும் அந்த இடைவெளியில் நல்ல எஸ்எம்பிஎஸ் 17 மில்லி செகண்ட் வரை தம் பிடிக்கும். என்னுடையது பிடிப்பதில்லை. வீடியோவை முழுசாக்கும் ஆறு மணி நேர ரெண்டர் ஐந்தே முக்காலில் போன கதை தனி.

சரி, 1200 வாட்ஸில் ஏ பிளஸ் வாங்கியது ஒன்றுக்குச் சென்னையில் பணம் கட்டிவிட்டேன். அது வரும்வரை சிபியூவை அடுக்களைக்குக் கடத்தி, பத்து மீட்டர் கேபிளைக் கதவு இடுக்கு வழியாக இழுத்து வைத்திருக்கிறேன். நேற்று அண்ணாவி முழுப் பாட்டும் பாடி முடித்தார். ஆட்டோ சத்தம் இல்லை. கடைசி வரிக்கு முந்தின வரியில் குக்கர் மூணு விசில்.

"எய்யா, இந்தப் பொட்டிய என் அரிசிப் பானைகிட்ட இருந்து எப்ப எடுப்ப?" என்கிறாள் அம்மா.