குறைமாதக் குழந்தையின் அம்மாவை ஊருக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்

அண்ணியின் குறைமாதக் குழந்தை கோவையில் ஐசியுவில் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கோபியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அதற்கு, மேலே உள்ள பதிலில் ஒருவர், "அம்மா பக்கத்தில் போனால் கிருமி ஒட்டும், பால் கறந்தும் பயனில்லை, ஊருக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வையுங்கள்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு, தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

குழந்தை இப்போது குடிக்காவிட்டாலும், பிறந்த சில மணி நேரத்திலேயே பால் கறக்கத் தொடங்க வேண்டும். இரவு உட்பட, நாளுக்கு 8 முறையாவது. விட்டுவிட்டால் சுரப்பு குறைந்துபோகும். முதலில் சில சொட்டு சீம்பால்தான் வரும், அதுவே போதும், ட்யூப் வழியாகக் கொடுப்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கொடிய குடல் நோயின் அபாயத்தைத் தாய்ப்பால் குறைக்கிறது. பால் போதவில்லையா? கோவை அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

கிருமி பயம் நியாயம்தான். அதற்குக் கை கழுவ வேண்டும், அம்மாவை விலக்கக் கூடாது. குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பைப் பிறந்த உடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. அப்பாவும் செய்யலாம். எப்போது என்பதை வார்டு டாக்டர் சொல்வார்.

அப்புறம் தங்கச்சி, அண்ணிக்குச் சுடுசோறு கொண்டு போங்கள், மூத்த பிள்ளை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏன் இவ்வளவு சீக்கிரம் பொறந்துச்சு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அண்ணியின் அழுகை நிற்கவில்லை என்றால் அவரையும் டாக்டரிடம் காட்டுங்கள்.