இரண்டு மணி நேரத்தில் என்ன களைப்பு?

2014இல் காணாமல்போன மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்370ஐத் தேடிய ஓரியன் ரோந்து விமானக் குழுவினர் "கடலை இரண்டு மணி நேரம்தான் பார்த்தார்கள், மீதி நேரம் ஓய்வு, களைப்பு என்பதெல்லாம் சாக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொடக்க நாட்களைப் பொறுத்தவரை அந்த இரண்டு மணி நேரக் கணக்கு சரி. தேடல் பகுதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தென்மேற்கே சுமார் 2,500 கி.மீ. தள்ளி இருந்தது, போக நான்கு மணி நேரம், வர நான்கு. நான்கு டர்போபிராப் எஞ்சின்களின் இரைச்சலிலும் அதிர்விலும் உட்கார்ந்து போவதற்குப் பெயர் ஓய்வா?

அப்புறம், கவனம் குறைய இரண்டு மணி நேரம் தேவையே இல்லை. ரேடார் திரையைப் பார்ப்பவர்களின் கவனத்தைப் பற்றி உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் செய்து 1948இல் வெளியிட்ட சோதனையில், முதல் அரை மணி நேரத்திலேயே சரிவு தெரிந்தது. போதாக்குறைக்கு, ஒன்றுமே இல்லாத பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகவே ஓரிரு மீட்டர் தூரத்துக்குக் குவிந்துவிடும். தூரத்தில் மிதக்கும் பொருள் நேர் எதிரே இருந்தாலும் தெரியாமல் போகலாம். பார்வையாளர்களைச் சன்னல் மாற்றி உட்காரவைப்பதும், இடையில் ஓய்வு கொடுப்பதும் இதற்காகத்தான்.

விமானம் கிடைக்காததற்குக் களைப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது தனி விவாதம்.