தாமிரபரணிக் கரையில் கேன் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டாத தாமிரபரணி ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் பாதி வாசல்களில் 20 லிட்டர் வெற்றுக் கேன்கள் வண்டிக்காகக் காத்துக் கிடக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

போன மாதம் சுத்திகரிப்புக் கருவி விற்க ஓர் இளைஞர் வந்தார். ஒரு தம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் இன்னொன்றில் தாம் கொண்டுவந்த, சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பெரும்பாலும் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகத் திரண்டது; மற்றது தெளிவாகவே இருந்தது. "ஏய்யா, இந்த அழுக்கையா இத்தன வருசமா குடிச்சோம்?" என்று அம்மா பதறிப்போனார். தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன; அதனால் அந்த இரும்புக் கம்பியே அரித்துக் கரைகிறது; அம்மா கண்ட அழுக்கு அந்தத் துரு. "உங்கள் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி காட்டுங்கள்" என்றேன். நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். பெற்ற தாயைப் பயமுறுத்தி விற்கும் இந்த வியாபாரத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

குடிநீரில் கரைந்துள்ள உப்பு போன்ற திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிக்குத் தடை விதிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும் ஊர்களுக்கு ஆர்.ஓ. தேவைதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆற்று உறைகிணற்றிலிருந்து வரும் நல்ல தண்ணீரை அதில் விட்டு, ஒரு லிட்டர் குடிக்க ஏறத்தாழ மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

குழாய்த் தண்ணீரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை உப்பில் இல்லை, குழாயில் இருக்கிறது. சாக்கடையை ஒட்டிப் பதித்த பழைய குழாயில் விட்டுவிட்டுத் தண்ணீர் திறக்கிறார்கள். நிறுத்தியதும் உள்ளே அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாக வெளி அழுக்கு உள்ளே ஏறுகிறது. மறுநாள் திறக்கும்போது முதல் இரண்டு குடம் கலங்கலாக வருவதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறோம். மூன்று முறை மனுக் கொடுத்தும் தோண்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். எங்கள் தெருக்கோடியில் அதைச் சோதித்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

சரி, கேன் மட்டும் என்ன வாழ்கிறது? நேற்று இறக்கியதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது, மூடி விரலால் சுழற்றினாலே கழன்றது, அடைத்த தேதி அழிந்துபோயிருந்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காணவே இல்லை. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறங்கிய அந்தத் தண்ணீரைச் சுத்தம் என்று நம்பிக் கைக்குழந்தைக்குக்கூடக் கொடுக்கிறார்கள்.

குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் ஆற வைத்துத்தான் நான் குடிக்கிறேன். அம்மாவோ அந்தச் செம்பழுப்புத் தம்ளரை மறக்க முடியாமல், கேன் வண்டி வந்துவிட்டதா என்று இன்று காலையிலும் கேட்டார்.