கதை அனுப்பும் முன் பதிவு செய்தாக வேண்டுமா?

"பதிப்புரிமையைப் பதிவு செய்யாமல் பத்திரிகைக்குக் கதை அனுப்பினால், அது பத்திரிகைக்கே சொந்தமாகிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. முதல் கதை எழுதியவர்கள் இதை நம்பி அனுப்பாமலே இருந்துவிடுவார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, கதையை எழுதியதுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. அவர் வாழ்நாள் முழுக்கவும், மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றித்தர, எழுதியவர் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஆவணம் வேண்டும். சும்மா அனுப்பிவைத்ததாலேயே உரிமை மாறிவிடாது. எவ்வளவு காலத்துக்கு என்று அந்த ஆவணத்தில் குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

சரி, எதைக் கவனிக்க வேண்டும்? ஒப்பந்தத்தில் "எல்லா உரிமைகளும்" என்று இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஆசிரியர் குழுவிடம் விளக்கம் கேளுங்கள். அனுப்பிய மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.