வயதான முயலை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

மன்னார்குடியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சென்னைக்குக் குடிபோகிறது. அங்கே பார்த்திருக்கும் வாடகை வீட்டில் பிராணி எதுவும் வளர்க்கக் கூடாதாம். அவர்களிடம் ஆறு வயதைத் தாண்டிய ஒரு வெள்ளை முயல் இருக்கிறது, பெட்டை. "நீங்க வச்சுக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டார்கள். வீட்டில் சொன்னதும் அம்மா, "போற காலத்துல உள்ள உயிரக் கொண்டாந்து வச்சுட்டு அப்புறம் உக்காந்து அழணுமா?" என்றார். தம்பி, முயல்தான் வேண்டுமென்றால் சந்தையில் குட்டியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளலாமே என்கிறான்.

இரண்டு பேர் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இரண்டையும் ஏற்கவும் முடியவில்லை.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் வரை வாழும். அப்படியென்றால் ஆறு வயது என்பது போகிற காலம் இல்லை. சந்தையில் விற்கும் குட்டிகளில் பல, தாய்ப்பால் மறக்கும் முன்பே பிரித்துக்கொண்டு வரப்பட்டவை. வந்த சில நாளிலேயே வயிற்றுப்போக்கில் போய்விடுவதும் உண்டு. ஜோடி என்று கொடுத்ததில் எது ஆண், எது பெண் என்று வாங்கியவருக்கும் தெரியாது, பல நேரம் விற்றவருக்கும் தெரியாது. வளர்ந்த முயலிடம் அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. கடிக்குமா, தூக்கினால் உதைக்குமா, எந்த மூலையில் சிறுநீர் கழிக்கும், பிள்ளைகள் சத்தத்துக்கு மிரளுமா, எல்லாவற்றையும் இத்தனை வருடம் வளர்த்தவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதன்முதலாக முயல் வளர்க்க நினைக்கும் வீட்டுக்கு வயதான முயல்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

ஆனால் "ஐயோ பாவம்" என்ற ஒரே காரணத்துக்காகத் தயவுசெய்து யாரும் எடுக்காதீர்கள். பாவம் பார்ப்பது ஒரு வாரம் தாங்கும். அதன் பிறகு கேள்வி ஒன்றுதான்: கத்திரி வெயிலில், கரண்ட் இல்லாத மத்தியானத்தில், அதன் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விட முடியும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். நம் ஊரில் மே மாதம் 38, 39 என்று போகிறது, கூடவே புழுக்கம். வீட்டு முயலின் பூர்வீகம் ஐரோப்பா. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் முயல் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிர் முயலுக்கு ஒத்துப்போகும். நம் வயல்காட்டில் ஓடும் காட்டு முயல் வேறு இனம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். அது ஓடுகிறதே, இது தாங்காதா என்று கணக்குப் போடக் கூடாது. தகரக் கொட்டகைக்குக் கீழே கம்பிக் கூண்டு என்றால் வேண்டவே வேண்டாம். முற்றமும் நாட்டு ஓடும் சிமெண்டுத் தரையும் உள்ள பழைய வீடு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தண்ணீரை பாட்டிலில் உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், காதை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பச்சைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள் சிலர், அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும்.

வயதான முயலிடம் இன்னொரு வேலை இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். உருண்டைப் புழுக்கை ஒன்று, மெத்தென்று வருவது இன்னொன்று. மெத்தென்று வருவதைக் குனிந்து அதுவே தின்றுவிடும், அதில்தான் சத்து. மூட்டு வலி வந்த முயலால் குனிய முடியாது. பின்பக்கம் அசிங்கமாகி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ மொய்த்து முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதனால் தினமும் தூக்கிப் பார்த்துத் துடைத்துவிட ஒருவர் வேண்டும். அம்மாவுக்குக் குனிய முடியாது. அது என் வேலைதான் என்று தெரிந்துகொண்டுதான் யோசித்தேன்.

தீனி விஷயத்தில் டெல்டாவில் இருப்பது கொடுப்பினை, ஆபத்தும்கூட. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். கேரட்டையும் பிஸ்கட்டையும் கொடுத்து வளர்த்த முயலுக்கு வயதான காலத்தில் கடைவாய்ப் பல் கூராகி நாக்கைக் கிழிக்கும். அருகம்புல், கல்யாண முருங்கை இலை, கொத்தமல்லி எல்லாம் நமக்குக் கை நீட்டினால் கிடைக்கும். ஆனால் குறுவை, சம்பா சமயத்தில் வரப்புப் புல்லை அறுத்துப் போடாதீர்கள். களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ எப்போது அடித்தார்கள் என்று வயல்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. கொல்லையில் இரண்டு பாத்தி அருகம்புல் போட்டுக்கொள்வதுதான் நல்லது. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், அதுவே சாப்பாடாக முடியாது.

அடுத்து வைத்தியம். மாடு, ஆடு, நாய் பார்த்துப் பழகிய டாக்டர்கள்தான் இங்கே அதிகம். அவர்களைக் குறை சொல்லவில்லை, முயல் அவர்களிடம் வருவதே குறைவு. நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாய் வழியாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் முயலின் குடலைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் குடல் ஓட்டம் நின்றிருக்கும், காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது ஏறினால் கருப்பையில் புற்று வருவதும் அதிகம். ஒரத்தநாட்டில் 2012-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது எங்களுக்குப் பெரிய தெம்பு. முயல் வந்த கையோடு அங்கே கொண்டுபோய் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்வதாக இருக்கிறேன்.

கறிக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் உயிர் அது. அந்தப் பேச்சை என்னிடம் எடுக்க வேண்டாம்.

அம்மா சொன்ன அழுகை நிச்சயம் வரும். குட்டியாக வாங்கினாலும் வரும். ஆனால் அந்த முயல் இன்று எங்கே போகும் என்பதற்குப் பதில் சொல்லாமல் என் அழுகையை மட்டும் தள்ளிப்போடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொண்டுவரச் சொல்லிவிட்டேன். வெயில் ஏறுவதற்குள், விடியற்காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அது படுக்கும் பழைய சாக்கைத் துவைக்காமல் அப்படியே தரவேண்டும், இதுவரை தின்ற தீனியிலும் ஒரு வாரத்துக்கானதைக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தீனியைச் சட்டென்று மாற்றினால் வயிறு கெட்டுவிடும். தம்பி கூடத்து மூலையில் மறைப்புக் கட்டித் தருகிறேன் என்கிறான், கம்பித் தரை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.