சராசரில யாரும் குடியிருக்கல

பூமி சூடாகுறத பத்தி டிவில வந்த அந்த டிபேட் கிளிப்ப தனியா விளக்க வேணாம்னு நினைக்கிறேன், என் லிஸ்ட்ல இருக்குற எல்லாரும் பாத்தாச்சு, பாதிப் பேர் ஷேரும் பண்ணியாச்சு. எனக்கே நாலஞ்சு குரூப்ல வந்துச்சு, எல்லாத்துக்கும் கீழ விழுந்து விழுந்து சிரிக்கிற ஸ்மைலி. "ஒன்றரை டிகிரிக்கா இந்த ஆர்ப்பாட்டம், ஏசி ரிமோட்ல ரெண்டு அமுக்கு அமுக்குனா முடிஞ்சது"ன்னு அந்த பொருளாதார நிபுணர் சொன்னதுக்குத்தான் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கிழிச்சுக்கிட்டு இருக்கீங்க. சரி, அது டைமிங் ஜோக், விட்டுடலாம். எனக்கு எரிஞ்சது அதுக்கு அடுத்து சொன்னதுதான், அத ஒருத்தரும் கண்டுக்கல: "பொருளாதாரத்துக்கு பெரிய அடி இல்லீங்க, இந்த நூற்றாண்டு முடியறப்போ ஜிடிபில ரெண்டு மூணு சதவீதம் போகும், அதுவும் பெரும்பாலும் விவசாயம் மீன்பிடி மாதிரி சின்ன துறைகள்ல." அரங்கம் கைதட்டுது. ஆங்கர் தலையாட்டுறார்.

சார், அந்த ரெண்டு மூணு சதவீதம் எந்த ஊர்ல இருக்கு? சராசரிங்கிறது ஒரு ஊர் இல்ல. அங்க யாரும் வீடு கட்டல, யாரும் வலை போடல.

மொதல்ல டிகிரி கணக்கையே பாப்போம். 1850-1900 காலத்தோட ஒப்பிட்டா 2011-2020ல பூமி சராசரியா 1.1 டிகிரி கூடுதல் சூடா இருந்துச்சுன்னு சொல்றோம்ல, அதே காலத்துல கடல் மேல மட்டும் எடுத்தா 0.9 கிட்ட, நிலத்து மேல மட்டும் எடுத்தா 1.6 கிட்ட. இது ஐ.நா.வோட கிளைமேட் அறிவியல் குழுவான ஐபிசிசி ரிப்போர்ட்லயே இருக்கு, நான் வீட்ல உக்காந்து போட்ட கணக்கு இல்ல. ஆர்க்டிக் 1979ல இருந்து உலக சராசரிய விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்துல சூடாகிட்டிருக்கு. அதாவது நம்ம பேசிக்கிட்டு இருக்குற அந்த ஒரு நம்பர், உலகத்துல நிறைய இடத்துக்கு பொருந்தவே பொருந்தாத நம்பர்.

சரி, சூட்ட விடுங்க, காசுக்கு வருவோம், அவருக்கு அதுதானே புரியும்.

பெரிங் கடல்ல, அலாஸ்கா பக்கம், ஸ்னோ க்ராப்னு ஒரு நண்டு. குளிர்காலத்துல மேல ஐஸ் உறைஞ்சு, அது உருகி, கடல் அடில ரெண்டு டிகிரிக்கும் கீழ ஒரு குளிர்ந்த தண்ணி தேங்கி நிக்கும். குட்டி நண்டுங்க அதுக்குள்ளதான் வளரும், ஏன்னா அத திங்கிற காட் மீனுக்கு அந்தக் குளிர் ஆகாது, உள்ள வராது. 2018, 2019ல கடல் சூடு ஏறி அந்தக் குளிர்ந்த தண்ணி கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. காட் மீன் உள்ள வந்தது ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கம், தண்ணி சூடானா நண்டோட உடம்பு வேகமா ஓடும், பசி கூடும், ஆனா சாப்பாடு கூடல. அந்த சமயம் பாத்து நண்டு எண்ணிக்கை வேற உச்சத்துல இருந்துச்சு. கடைசில 2023ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வு என்ன சொல்லுச்சுன்னா, முக்கிய காரணம் பட்டினியா இருக்கலாம்னு. சுமார் 1000 கோடி நண்டு காணாம போச்சு. கோடில சொல்றேன், டைப்போ இல்ல. 2022ல அலாஸ்கா அரசு அந்த சீசனையே ரத்து பண்ணுச்சு, வரலாற்றுல மொத தடவ.

அந்தக் கடல் நடுவுல செயின்ட் பால்னு ஒரு தீவு இருக்கு, சில நூறு பேர்தான். நண்டு பதப்படுத்துற வேலை, அதுல வர்ற வரி, அத வச்சுத்தான் ஊர் ஓடுச்சு. ஊர் நிர்வாகம் அவசரநிலை அறிவிச்சுது. இப்ப அமெரிக்க ஜிடிபிய எடுத்து வச்சு தேடுங்க இந்த இழப்ப. கிடைக்காது. புள்ளி வச்சு எத்தன சைபர் போட்டாலும் கண்ணுக்கு தெரியாது. ஆனா அந்தத் தீவுக்கு அது ரெண்டு சதவீதமா?

"சின்ன துறை"ன்னாரே, அதுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. 2018ல பொருளாதார நோபல் வாங்குன வில்லியம் நார்ட்ஹாஸ், 1991ல எழுதுன பேப்பர்ல அமெரிக்கப் பொருளாதாரத்துல 87 சதவீதம் கிளைமேட்டால பெருசா பாதிக்கப்படாத துறைகள்னு கணக்கு போட்டார். விவசாயம், காடு மாதிரி நேரடியா அடி வாங்குறது மொத்தமே 3 சதவீதம்தான், அந்த 87 சதவீதம் பெரும்பாலும் கூரைக்கு கீழ நடக்குற வேலை. அவரு கார்பனுக்கு வரி போடணும்னு விடாம சொன்னவரு, அத மறுக்கல, நம்ம டிவி நிபுணர் அளவுக்கு அசட்டையா பேசுனவர் இல்ல. ஆனா அந்த 3 சதவீதக் கணக்கு இன்னிக்கு வரைக்கும் எல்லா மேடையிலயும் சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம உடம்பு எடைல இதயம் அரை சதவீதம் கூட வராது, அதுக்காக யாராவது அத விட்டுத்தள்ளுன்னு சொல்லுவாங்களா? 3 சதவீதம் ஜிடிபில இருந்து வர்றது 3 சதவீத சாப்பாடு இல்லீங்க. முழு சாப்பாடும் அங்கருந்துதான் வருது.

2022 மார்ச் ஞாபகம் இருக்கா? 1901ல இருந்து இந்தியால பதிவான மார்ச்லயே அதிக வெப்பம். கோதுமை பால் பிடிக்கிற நேரத்துல சூடு அடிச்சா மணி சுருங்கிடும், பயிர் நல்லா நிக்கிற மாதிரிதான் தெரியும், அறுத்து தூத்துனாதான் எடை இல்லன்னு புரியும். மே 13ந்தேதி மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்கு தடை போட்டுச்சு. உக்ரைன் போர் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் சேந்துதான் காரணம், நான் எல்லாத்தயும் வெயில் தலைல கட்டல. ஆனா ரெண்டு மாச வெயில் ஒரு நாட்டோட வர்த்தகக் கொள்கைய மாத்த உதவுச்சுன்னா அத "சின்ன துறை"ன்னு எப்படி சார் சொல்றீங்க.

இன்னொன்னு, ஒரு இடத்துல நடக்குறது அந்த இடத்தோட நிக்கிறதும் இல்ல. 2018 மே மாசம் மெகுனு, அக்டோபர்ல லூபன், ரெண்டு புயல் அரேபியப் பாலைவனத்துக்குள்ள போய் மழைய கொட்டுச்சு, மணல் நடுவுல குளம் நின்னுச்சு. மனுஷன் நடமாட்டமே இல்லாத இடத்துல ஈர மணல், பச்சை. வெட்டுக்கிளிக்கு வேற என்ன வேணும்? யார் கண்ணுலயும் படாம தலைமுறை தலைமுறையா பெருகி ஏமன், ஈரான், பாகிஸ்தான், இந்தப் பக்கம் சோமாலியா, எத்தியோப்பியா, கென்யான்னு போச்சு. கென்யாவுக்கு 70 வருஷத்துல அதுதான் மோசமான படையெடுப்பு. வெட்டுக்கிளிய கிளைமேட் சேஞ்ச் பெத்துப் போடல, அது ஆதிகாலத்துல இருந்து இருக்கு, ஏமன்ல போர் நடந்ததால மருந்து அடிக்க ஆள் போக முடியலங்கிறதும் பெரிய காரணம். ஆனா அரபிக்கடல் சூடாகி அங்க புயல் கூடிக்கிட்டு வர்றதும் உண்மை. கென்யால சோளக்கொல்லைய பறிகொடுத்தவருக்கு ஓமன்ல கரை ஏறுன புயல் பேரு கூட தெரிஞ்சிருக்காது.

இப்ப கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு முன்கூட்டியே.

"ஓவரா பயமுறுத்துறீங்க, எல்லாத்துக்கும் கிளைமேட் சேஞ்ச்னு சொல்றதே உங்களுக்கு ஃபேஷன்." இல்லப்பா. 2023ல பனாமா கால்வாய்ல தண்ணி வத்தி கப்பல் எண்ணிக்கைய குறைச்சாங்கல்ல, அப்ப ஆளாளுக்கு கிளைமேட் சேஞ்ச்னு போஸ்ட் போட்டீங்க, அது முக்கியமா எல் நினோன்னு, அதாவது பசிபிக் கடல் சில வருஷத்துக்கு ஒரு தடவ இயல்பாவே சூடாகுறதுன்னு, பின்னாடி வந்த ஆய்வு சொல்லுச்சு. நான் அத உதாரணமா சொல்றதில்ல. உதாரணத்துக்கு பஞ்சமா என்ன.

"சில நாட்டுக்கு லாபமும் இருக்கே, கனடா, ரஷ்யா எல்லாம் இனிமே விவசாயம் பண்ணலாமே." இது மட்டும்தான் கொஞ்சம் யோசிச்சு கேக்குற கேள்வி, அதனால கொஞ்சம் நின்னு பதில் சொல்றேன். ஆமா, குளிர் நாட்டுக்கு சில லாபம் இருக்கு, பயிர்க் காலம் நீளும், சூடேத்துற செலவு குறையும். ஆனா கனடாவுக்கே போவோமே. பிரிட்டிஷ் கொலம்பியால பைன் மரத்த துளைக்கிற ஒரு வண்டு, அரிசி அளவு. மைனஸ் 35, மைனஸ் 40ன்னு சில நாள் தொடர்ந்து உறைஞ்சாத்தான் பட்டைக்குள்ள இருக்குற புழு சாகும். அந்தக் குளிர் வர்றது குறைஞ்சுது, வண்டு சாகல. வெட்டி விக்கிற அளவு வளந்த பைன்ல பாதிக்கு மேல அந்த மாகாணத்துல செத்துப்போச்சு. காடு முழுக்க செவப்பா நிக்கும், இலையுதிர் காலம்னு நினைச்சுக்காதீங்க, அது பிணம். செத்த மரத்த அவசரமா வெட்டுன வரைக்கும் ரம்ப மில்லு ஓடுச்சு, அப்புறம் ஒவ்வொன்னா மூடுனாங்க. 2023ல அதே நாட்டுல சுமார் 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிஞ்சுது, வடமேற்குப் பிரதேசத்தோட தலைநகரம் யெல்லோநைஃபையே காலி பண்ண வச்சாங்க. ரஷ்யால 2020ல நோரில்ஸ்க் பக்கம் டீசல் டாங்க் சரிஞ்சு சுமார் 20,000 டன் ஆத்துலயும் மண்ணுலயும் போச்சு, அடில உறைஞ்சு கிடந்த நிலம் இளகுனது ஒரு காரணம்னாங்க. லாபம்னு எழுதுற அதே நாட்டுக்குள்ளயே அடி வாங்குறவன் ஒருத்தன், வாங்கிக்கிறவன் வேற ஒருத்தன். மறுபடியும் அதேதான், நாட்டு சராசரிலயும் யாரும் குடியிருக்கல.

"மனுஷன் அடாப்ட் பண்ணிப்பான்." பண்ணிப்பான், காசு இருக்குறவன்.

"பூமி முன்னாடியும் சூடாகிருக்கே." ஆமாங்க, அப்ப யாருக்கும் ஹோம் லோன் இல்ல.

லோன்னு சொன்னதும் ஞாபகம் வருது, சராசரிய நம்பாத ஒரே கூட்டம் இன்சூரன்ஸ் கம்பெனிங்கதான். 2023 மே மாசம் ஸ்டேட் ஃபார்ம்ங்கிற கம்பெனி கலிஃபோர்னியால புதுசா வீட்டு பாலிசி குடுக்குறதயே நிறுத்துச்சு, கட்டுமானச் செலவும் பேரிடர் ஆபத்தும் ஏறிடுச்சுன்னு. அவங்க யாரும் சுற்றுச்சூழல் போராளி இல்ல. அவங்களுக்கு தெரு வாரியா, மலைச்சரிவு வாரியா கணக்கு தெரியும். மேடை நிபுணருக்கு மட்டும்தான் தெரியல.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேக்குறவங்களுக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு பவளப்பாறை சர்வேல வேல பாத்தேன். கோடைல வழக்கமா வர்ற உச்ச சூட்ட விட ஒரு டிகிரி கூடி சில வாரம் நின்னா போதும், பவளம் தன் உடம்புக்குள்ள இருக்குற பாசிய வெளிய தள்ளிடும், வெளுத்துடும். படகுல இருந்து பாத்தா அவ்ளோ அழகா இருக்கும், அதான் கொடுமை, டீம்ல புதுசா வந்த பையன் செல்ஃபி எடுத்தான். அடுத்து நாங்க போனப்போ அதே இடம் பழுப்பா, பாசி படர்ந்து, கையில பட்டா வழுவழுன்னு. ரிப்போர்ட்ல "பொருளாதார இழப்பு"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. கரைல ஏலம் போன மீனோட மதிப்ப வச்சு நிரப்பச் சொன்னாங்க. நிரப்புனோம். ஆனா அந்தப் பாறைய சுத்தி, தண்ணி வத்துற நேரத்துல இடுப்பளவு தண்ணில நின்னு பொம்பளைங்க கையாலயும் சின்ன வலையாலயும் புடிச்சு நேரா வீட்டு அடுப்புக்கு கொண்டு போன மீனு? அது ஏலத்துக்கே வரல. விலை போடல. விலை போடாததால எங்க கட்டத்துல அது பூஜ்யம். "இத எங்க சார் எழுதுறது"ன்னு கேட்டேன், "டெம்ப்ளேட்ல இல்லப்பா, விடு"ன்னாங்க. அந்த ரிப்போர்ட் மாதிரி ஆயிரம் ரிப்போர்ட்ட கூட்டித்தான சார் உங்க ரெண்டு சதவீதம் வருது?

அந்த கிளிப்ப சிரிப்பு ஸ்மைலியோட ஷேர் பண்ணதுல அந்த சர்வேல எங்கூட வந்த ஒருத்தனும் இருக்கான். கேட்டா "நீ இப்பல்லாம் ரொம்ப எமோஷனலா எழுதுற மச்சான், டேட்டா பேசு"ன்றான். டேட்டா ஷீட்ட நிரப்புனதே நாமதானடா. பதில் போடல.

1998ல, 2002ல, 2016ல, 2017ல, 2020ல, 2022ல, 2024ல. ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டு 2024 வரைக்கும் பெருசா வெளுத்த வருஷங்கள். இடைவெளி எப்படி சுருங்குதுன்னு பாருங்க, பவளம் செத்துப்போன ஒரு பாறை தேற பத்து வருஷமாவது வேணும். இதுவும் டேட்டாதான் மச்சான்.

இன்னொரு டேட்டா. 2022 பாகிஸ்தான் வெள்ளம், 3.3 கோடி பேர் பாதிப்பு, 1,700க்கும் மேல சாவு, சேதமும் இழப்பும் சேத்து 3,000 கோடி டாலர். உலகப் புகைல அந்த நாட்டோட பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழ. அந்த வருஷ ஐ.நா. கிளைமேட் மாநாட்டுல இழப்பு-சேத நிதின்னு ஒன்னு ஒத்துக்கிட்டாங்க, அடுத்த வருஷம் உலகமே சேந்து அறிவிச்ச தொகை சுமார் 70 கோடி டாலர். ஒரு நாட்டோட ஒரு வெள்ளத்துல வந்த இழப்புல கிட்டத்தட்ட நாப்பதுல ஒரு பங்கு. உலக சராசரிப்படி பாத்தா தாராளம்தான் போல.

இதுக்கு மேல கமெண்ட்ல சண்ட போட வர்றவங்க தாராளமா வாங்க, ஆனா சதவீதத்தோட வராதீங்க. எந்த ஊரு, எந்த மாசம், யாரோட வேல போச்சு, யாருக்கு காசு வந்துச்சுன்னு சொல்லிட்டு பேசுங்க. போன தடவ ஒருத்தர் பத்தாயிரம் வருஷத்து கிராஃப ஒட்டிட்டு போயிட்டார், அந்த மாதிரி ஒட்டுனா டெலிட்தான். இன்பாக்ஸ்ல வந்து "அவரு ஜோக்குக்கு சொன்னாரு"ன்னு சமாதானம் சொல்றவங்களும் தயவு செஞ்சு வேணாம், ஜோக்குக்கு நானும்தான் சிரிச்சேன், நான் கேட்டது ரெண்டாவது வரிய பத்தி.