பேய் பேசலாம், கரு பேசக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஹாம்லெட் கதையை வயிற்றிலிருக்கும் கரு சொல்வதுபோல இயன் மெக்கீவன் எழுதிய 'நட்ஷெல்' நாவல் பற்றி நான் பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "வயித்துக்குள்ள இருக்கிற புள்ளைக்கு ஒயின் ருசி எப்படிங்க தெரியும்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சு அதோடு சரி.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் செத்துப்போன அரசர் ராத்திரியில் வந்து, தம்பி தன் காதில் விஷம் ஊற்றிய கதையை மகனிடம் சொல்கிறார். 400 வருஷமாக அதற்கு யாரும் லாஜிக் கேட்கவில்லை. பேய் பேசலாம், கரு பேசக்கூடாது. நல்ல நியாயம்! அபிமன்யு சக்கரவியூகத்தை எங்கிருந்து கேட்டானாம்?

2016இல் வந்த இந்த நாவலில் அம்மா ட்ரூடியும் சித்தப்பா கிளாடும் லண்டன் வீட்டில் உட்கார்ந்து, கவிஞரான அப்பாவைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். ஸ்மூத்தியில் ஆன்டிஃப்ரீஸ், கார் என்ஜினில் ஊற்றும் விஷத் திரவம். பிள்ளை தலைகீழாகக் கிடந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. ஹாம்லெட் பழிவாங்குவதை ஏன் தள்ளிப்போடுகிறான் என்று எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! இவனுக்குக் கை நீட்டவே இடமில்லை. நாவலே அதுதான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். என்னை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போர்வைக்குள் தூங்குவதுபோலக் கிடந்தேன். மூச்சு சீராக வர வேண்டுமே என்பதுதான் கவலை. நடுவில் தும்மல் வேறு. பல்லைக் கடித்து அடக்கினேன். காலையில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி எழுந்து பல் தேய்த்தேன். நாவலிலும், பிறந்ததும் இவனை எங்காவது விட்டுவிடலாம் என்றுதான் பேச்சு. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்று சொல்ல வந்தது இதைத்தான்.

ஷேக்ஸ்பியரில் கைவைக்கலாமா என்பார்கள். அவருக்கு வெகுகாலம் முன்பே சாக்ஸோ கிராமாட்டிகஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்த டென்மார்க் கதைதான் அது. அப்புறம், கரு உலக அரசியலெல்லாம் பேசுகிறதே? ஒப்புக்கொள்கிறேன், அங்கே மெக்கீவன்தான் பேசுகிறார், எனக்கும் கொட்டாவி வந்தது. ஆனால் அம்மா கேட்கும் ரேடியோவும் பாட்காஸ்டும் இவன் காதிலும் விழுகின்றன. அவள் குடிக்கும் ஒயின் நஞ்சுக்கொடி வழியாக இவனுக்கும் வருகிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

"ஹாம்லெட்டை மூலத்தில் படிச்சிருக்கீங்களா?" என்றும் அந்த ஒயின் கேள்விக்காரர் கேட்டார். படித்தேன் ஐயா, அகராதியோடு, இரண்டு முறை. நீங்கள் 'நட்ஷெல்' படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. உங்கள் முன்னால் இருந்த பிரதியின் முதுகில் ஒரு மடிப்புகூட விழவில்லை, பார்த்தேன்.

அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.